இம்ரே நாகி

இம்ரே நாகி (ஜூன் 7, 1896 - ஜூன் 16, 1958) ஹங்கேரியைச் சேர்ந்த பொதுவுடைமை அரசியல்வாதி ஆவார். 1953 முதல் 1955 வரையிலும், 1956 ஆம் ஆண்டு ஹங்கேரியப் புரட்சியின்போதும் என இருமுறை அந்நாட்டின் பிரதமராகப் பதவி வகித்தார். இரண்டாம் முறை இவரது ஆட்சி பன்னிரண்டு நாட்களே நீடித்தது. அந்நாட்களில் ஒரு கட்சி ஆட்சி முறையைக் கைவிட்டு, வார்சா ஒப்பந்த அமைப்பிலிருந்து ஹங்கேரி விலகுவதாக அறிவித்தார். சோவியத் படைகள் புரட்சியை ஒடுக்கிய பின்னர் இவர் கைது செய்யப்பட்டு, இரகசிய வழக்கு விசாரணைக்குப் பின் தூக்கிலிடப்பட்டார். 31 ஆண்டுகள் கழித்து 1989 இல் இவரது உடல் தோண்டி எடுக்கப்பட்டு, அரசு மரியாதையுடன் மீண்டும் அடக்கம் செய்யப்பட்டது. அந்நிகழ்வு ஹங்கேரியில் பொதுவுடைமை ஆட்சி முடிவுக்கு வந்ததன் அடையாளமாகக் கருதப்படுகிறது.

ஹங்கேரிய மொழியில் குடும்பப் பெயர் முதலிலும் இட்ட பெயர் பின்னரும் வரும். எனவே ஹங்கேரியில் இவர் நாகி இம்ரே என்றே அழைக்கப்படுகிறார். நாகி என்ற சொல்லுக்கு அம்மொழியில் பெரிய என்பது பொருள். இது அங்கு மிகப் பரவலாக உள்ள குடும்பப் பெயர்களுள் ஒன்றாகும்.

இளமைக் காலம்

நாகி, அன்றைய ஆஸ்திரிய-ஹங்கேரியப் பேரரசின் தென்மேற்குப் பகுதியில் உள்ள கபோஷ்வார் நகரில் ஓர் எளிய குடும்பத்தில் பிறந்தார். இவரது பெற்றோர் இருவரும் உழவர் குடும்பங்களிலிருந்து நகருக்கு வேலை தேடி வந்தவர்கள். தந்தை மாவட்ட அதிகாரி ஒருவரின் குதிரை வண்டியோட்டியாகவும், தாய் அதே வீட்டில் பணிப்பெண்ணாகவும் வேலை செய்தனர். நாகி உயர்நிலைப் பள்ளியில் சில ஆண்டுகள் பயின்றார். ஆனால் படிப்பை முடிக்காமல் பூட்டுத் தொழில் பழகச் சென்றார். நிலமற்ற கூலி உழவர்களின் வாழ்க்கையை அருகிலிருந்து கண்டது இவரது பிற்கால அரசியலைத் தீர்மானித்தது. வாழ்நாள் முழுவதும் வேளாண்மையும் நிலவுடைமையுமே இவரது முதன்மையான ஆய்வுத் துறைகளாக இருந்தன.

போர்க்கைதி

முதலாம் உலகப் போர் தொடங்கியபின் நாகி ஆஸ்திரிய-ஹங்கேரியப் படையில் சேர்க்கப்பட்டு, முதலில் இத்தாலியப் போர்முனைக்கும் பின்னர் கிழக்குப் போர்முனைக்கும் அனுப்பப்பட்டார். 1916 ஆம் ஆண்டின் கோடையில் காயமுற்று உருசியப் படையிடம் சிறைப்பட்டார். சைபீரியாவில் பைக்கால் ஏரிக்கு அருகிலிருந்த போர்க்கைதிகள் முகாமில் அடைக்கப்பட்டார். அங்கே உருசிய மொழியையும் மார்க்சியக் கருத்துக்களையும் கற்றார். 1917 அக்டோபர் புரட்சியைத் தொடர்ந்து நடைபெற்ற உள்நாட்டுப் போரில் செம்படையின் பக்கம் நின்றார். 1920 இல் உருசியப் பொதுவுடைமைக் கட்சியில் உறுப்பினரானார்.

1919 இல் பேலா குன் தலைமையில் ஹங்கேரியில் அமைந்த சோவியத் குடியரசு 133 நாட்களில் வீழ்ந்தது. அப்போது நாகி சைபீரியாவில் இருந்ததால் அவ்வாட்சியில் இவருக்குப் பங்கு எதுவும் இல்லை. இவர் 1921 இல் ஊர் திரும்பியபோது ஹங்கேரியை ஹோர்த்தியின் அரசு ஆண்டது, பொதுவுடைமைக் கட்சி தடை செய்யப்பட்டிருந்தது. நாகி கபோஷ்வாரில் ஒரு காப்புறுதி நிறுவனத்தில் எழுத்தராக வேலை செய்துகொண்டே சமூக சனநாயகக் கட்சியில் இயங்கினார். 1925 இல் அக்கட்சியிலிருந்து நீக்கப்பட்டார். அதே ஆண்டில் மாரியா எகெத்தோ என்பவரை மணந்தார். இவர்களுக்கு எர்சேபெத் என்ற ஒரே மகள். 1927 இல் நாகி கைதாகி இரண்டு மாதங்கள் சிறையில் இருந்தார். 1928 இல் வியன்னாவுக்குச் சென்றார்.

மாஸ்கோ வாழ்க்கை

1930 முதல் 1944 வரை ஏறத்தாழ 15 ஆண்டுகள் நாகி சோவியத் ஒன்றியத்தில் வாழ்ந்தார். மாஸ்கோவில் இருந்த பன்னாட்டு வேளாண்மை ஆய்வு நிறுவனத்தில் பணியாற்றினார். ஹங்கேரியின் நிலவுடைமை பற்றிப் பல கட்டுரைகள் எழுதினார். 1936 இல் கட்சியிலிருந்து நீக்கப்பட்டு, 1939 இல் மீண்டும் சேர்த்துக்கொள்ளப்பட்டார். இடைப்பட்ட காலத்தில் சோவியத் புள்ளிவிபரத் துறையில் வேலை செய்து குடும்பத்தைக் காத்தார்.

அது ஸ்டாலினின் பெரும் களையெடுப்புக் காலமாகும். பேலா குன் உட்பட மாஸ்கோவில் வாழ்ந்த ஹங்கேரியப் பொதுவுடைமையாளர் பலர் அப்போது கொல்லப்பட்டனர். நாகி உயிர் பிழைத்தார். சோவியத் இரகசியக் காவல் துறையான என்.கே.வி.டி.க்கு வொலோதியா என்ற புனைபெயரில் இவர் தகவல் அளித்தார் எனக் கூறும் ஆவணங்களை 1989 ஜூன் மாதத்தில் கே.ஜி.பி. வெளியிட்டது. நாகியின் புகழ் ஹங்கேரியில் உச்சத்தில் இருந்த நேரத்தில் அவை வெளியிடப்பட்டன என்பது குறிப்பிடத்தக்கது. அவ்வாவணங்களின் நம்பகத்தன்மை பற்றியும், இவரது தகவல்களால் எவருக்கேனும் கேடு விளைந்ததா என்பது பற்றியும் வரலாற்றாளர்களிடையே கருத்து வேறுபாடு உள்ளது. காவல் துறையுடன் இவருக்கு ஏதோ ஒருவகைத் தொடர்பு இருந்தது என்பதைப் பெரும்பாலோர் ஏற்கின்றனர்.

இரண்டாம் உலகப் போரின்போது மாஸ்கோவிலிருந்து ஹங்கேரிய மொழியில் ஒலிபரப்பான வானொலியில் நாகி பணிபுரிந்தார்.

நிலம் பகிர்ந்தளித்த அமைச்சர்

செம்படை ஹங்கேரியின் கிழக்குப் பகுதியைக் கைப்பற்றிய பின்னர், 1944 இன் இறுதியில் நாகி நாடு திரும்பினார். டெப்ரெசென் நகரில் அமைக்கப்பட்ட இடைக்கால அரசில் வேளாண்மை அமைச்சராகப் பொறுப்பேற்றார். 1945 மார்ச் மாதத்தில் வெளியான நிலச் சீர்திருத்த ஆணை இவரது பெயருடன் இணைத்தே பேசப்படுகிறது.

அதுவரை ஹங்கேரியின் விளைநிலத்தில் பெரும்பகுதி உயர்குடியினரிடமும் திருச்சபையிடமும் இருந்தது. சுமார் 575 ஹெக்டேருக்கு மேற்பட்ட பண்ணைகள் முழுவதுமாக எடுத்துக்கொள்ளப்பட்டன. அதற்குக் குறைந்த பண்ணைகளில் ஒரு பகுதி மட்டும் உடைமையாளரிடம் விடப்பட்டது. ஏறத்தாழ 6,40,000 குடும்பங்கள் நிலம் பெற்றன. ஒரு குடும்பத்துக்குக் கிடைத்தது சராசரியாக 3 ஹெக்டேர் அளவே ஆகும். எனினும் பல தலைமுறைகளாகப் பிறர் நிலத்தில் உழைத்தவர்களுக்கு அது சொந்த நிலம். அச்சீர்திருத்தத்தின் பயனாகவே நாகி நாட்டுப்புற மக்களிடையே நிலம் பகிர்ந்தளித்த அமைச்சர் என்று அறியப்பட்டார்.

1945 நவம்பரில் உள்துறை அமைச்சரானார். அப்பணியில் இவர் நீண்ட நாட்கள் நீடிக்கவில்லை. 1946 மார்ச்சில் லாஸ்லோ ராய்க் அப்பொறுப்பை ஏற்றார். 1947 முதல் 1949 வரை நாகி நாடாளுமன்ற அவைத்தலைவராக இருந்தார்.

ராகோஷியுடன் முரண்பாடு

1948 முதல் ஹங்கேரியின் முழு அதிகாரமும் கட்சியின் பொதுச் செயலாளர் மாத்யாஷ் ராகோஷியிடம் குவிந்தது. ராகோஷி தன்னை ஸ்டாலினின் சிறந்த மாணவன் என்று காட்டிக்கொண்டவர். கனரகத் தொழில்களுக்கு அளவுக்கு மீறி முதலீடு செய்யப்பட்டது. உழவர்கள் கூட்டுப் பண்ணைகளில் சேருமாறு வற்புறுத்தப்பட்டனர். மூன்றாண்டுகளுக்கு முன்னர் கொடுத்த நிலத்தை அவ்வாறு திரும்பப் பெறுவதை நாகி எதிர்த்தார். கூட்டுப் பண்ணை தேவையே எனினும் அது பல ஆண்டுகளில், உழவரின் விருப்பத்துடன் நிகழவேண்டும் என்பது இவரது நிலைப்பாடாகும். இதற்காக 1949 இல் கட்சியின் அரசியல் குழுவிலிருந்து நீக்கப்பட்டார். தன் கருத்து தவறு என்று கட்சியின் முன் ஏற்றுக்கொண்டு, வேளாண்மைப் பல்கலைக்கழகத்தில் கற்பிக்கும் பணிக்குச் சென்றார்.

அதே 1949 இல் ராய்க் பொய்க் குற்றச்சாட்டின் பேரில் தூக்கிலிடப்பட்டார். நாகி மீதான நடவடிக்கை பதவிநீக்கத்துடன் நின்றது. 1950 இன் இறுதியில் உணவு அமைச்சராகவும், 1952 இல் விளைச்சல் கொள்முதல் அமைச்சராகவும், பின்னர் துணைப் பிரதமராகவும் பொறுப்பேற்றார்.

விளைச்சல் கொள்முதல் என்பது அக்காலத்தில் உழவரிடமிருந்து கட்டாயமாகத் தானியம் பறிப்பதையே குறித்தது. அதிகாரிகள் வீடு வீடாகச் சென்று பரணில் இருந்த விதை நெல்லைப் போன்ற கையிருப்பையும் எடுத்துச் சென்றனர். ஹங்கேரிய மக்கள் அதனைப் பரண் பெருக்குதல் என்று அழைத்தனர். எந்த உழவர்களுக்கு நாகி நிலம் கொடுத்தாரோ அதே உழவர்களிடமிருந்து தானியம் பறிக்கும் துறைக்கு இவரே பொறுப்பாக இருந்தார். இவரது வாழ்க்கையை எழுதியோர் பலரும் இதனை இவரது அரசியலின் இருண்ட பகுதியாகக் குறிப்பிடுகின்றனர்.

முதல் முறை பிரதமர் (1953-1955)

1953 மார்ச் 5 ஆம் நாள் ஸ்டாலின் மறைந்தார். அதே ஆண்டு ஜூன் மாதத்தில் ஹங்கேரியத் தலைவர்கள் மாஸ்கோவுக்கு அழைக்கப்பட்டனர். மலென்கோவ், பெரியா, குருசேவ் உள்ளிட்ட புதிய சோவியத் தலைவர்கள் ராகோஷியின் ஆட்சியைக் கடுமையாகக் கண்டித்தனர். ஹங்கேரியப் பொருளாதாரம் சரிந்துகொண்டிருந்தது. மக்களின் சினம் கலகமாக மாறும் என்ற அச்சம் மாஸ்கோவில் இருந்தது. ராகோஷி கட்சித் தலைமையை மட்டும் வைத்துக்கொண்டு, பிரதமர் பதவியை நாகியிடம் ஒப்படைக்க வேண்டும் எனப் பணிக்கப்பட்டது. 1953 ஜூலை 4 ஆம் நாள் நாகி பிரதமரானார்.

இவர் அறிவித்த கொள்கை புதிய பாதை எனப்பட்டது. அதன் முக்கிய கூறுகள் பின்வருமாறு:

- தடுப்பு முகாம்கள் மூடப்பட்டன. ரெச்க் என்ற ஊரில் கல் உடைக்கும் வேலைக்காக அரசியல் கைதிகள் அடைக்கப்பட்டிருந்த முகாமும் இவற்றுள் அடங்கும்.
- பொது மன்னிப்பு வழங்கப்பட்டது. நகரங்களிலிருந்து நாட்டுப்புறத்துக்குக் கட்டாயமாக வெளியேற்றப்பட்டிருந்தோர் மீதான ஆணை நீக்கப்பட்டது.
- உழவர்கள் கூட்டுப் பண்ணையிலிருந்து விலக அனுமதிக்கப்பட்டனர். கட்டாயக் கொள்முதலின் அளவு குறைக்கப்பட்டது.
- கனரகத் தொழிலுக்கான முதலீடு குறைக்கப்பட்டு, மக்களின் அன்றாடத் தேவைப் பொருட்களின் உற்பத்திக்கு முன்னுரிமை தரப்பட்டது.

பொய் வழக்குகளில் சிறையிலிருந்த கட்சியினரும் படிப்படியாக விடுவிக்கப்பட்டனர். அவ்வாறு 1954 இல் விடுதலையானவர்களுள் யானோஷ் காதாரும் ஒருவர். நான்கு ஆண்டுகளுக்குப் பின்னர் நாகி தூக்கிலிடப்பட்டபோது கட்சியின் தலைவராக இருந்தவர் இவரே.

நாகியிடம் அரசு இருந்தபோதும் கட்சி இயந்திரம் ராகோஷியின் கையிலேயே இருந்தது. அமைச்சரவையின் முடிவுகளைக் கட்சிக் குழுக்கள் கீழ்மட்டத்தில் செயற்படுத்தாமல் தாமதித்தன. 1955 பெப்ரவரியில் மாஸ்கோவில் மலென்கோவ் பதவி இழந்தவுடன் நாகிக்கு இருந்த ஆதரவும் போயிற்று. அதே காலத்தில் நாகி மாரடைப்பால் பாதிக்கப்பட்டிருந்தார். மார்ச் மாதத்தில் கட்சியின் மத்திய குழு இவரை வலதுசாரித் திரிபாளர் எனக் கண்டித்தது. ஏப்ரல் 18 ஆம் நாள் பிரதமர் பதவியிலிருந்து நீக்கப்பட்டார். அந்த்ராஷ் ஹெகெடூஷ் புதிய பிரதமரானார். இம்முறை நாகி தன் கருத்து தவறு என்று கூற மறுத்துவிட்டார். 1949 இல் செய்ததை 1955 இல் செய்யவில்லை. ஆண்டின் இறுதியில் கட்சியிலிருந்தும் நீக்கப்பட்டார்.

ஓய்வுக் காலம்

புடாபெஸ்டில் ஒர்ஷோ தெருவில் இருந்த தன் வீட்டில் நாகி தன் கொள்கையை விளக்கி நீண்ட கட்டுரைகள் எழுதினார். சோசலிசம் சட்டத்துக்கும் அறத்துக்கும் உட்பட்டு இயங்க வேண்டும் என்பதும், சிறிய நாடுகள் வல்லரசுகளின் அணிகளில் சேராமல் தம் விடுதலையைக் காக்க வேண்டும் என்பதும் அக்கட்டுரைகளின் சாரமாகும். அவை மேற்கு நாடுகளுக்குக் கடத்திச் செல்லப்பட்டு 1957 இல் நூலாக வெளிவந்தன. எழுத்தாளர்களும் இதழியலாளர்களும் இவரைச் சுற்றிக் கூடினர். 1956 ஜூன் மாதத்தில் இவரது 60 ஆவது பிறந்தநாளுக்கு அறிஞர்களும் கலைஞர்களும் பெருமளவில் இவரது வீட்டுக்கு வந்தனர். கட்சியால் ஒதுக்கப்பட்ட ஒருவரின் வீட்டுக்குச் செல்வதே அன்று அரசியல் செயலாகும்.

1956 பெப்ரவரியில் குருசேவ் ஸ்டாலினின் குற்றங்களை வெளிப்படுத்திப் பேசியது ராகோஷியின் நிலையைப் பலவீனப்படுத்தியது. ஜூலையில் ராகோஷி நீக்கப்பட்டு, அவரது நெருங்கிய துணைவரான எர்னோ கெரோ கட்சித் தலைவரானார். அக்டோபர் 6 ஆம் நாள் லாஸ்லோ ராய்க்கின் உடல் மறு அடக்கம் செய்யப்பட்டபோது பல்லாயிரக்கணக்கானோர் அமைதியாக அணிவகுத்துச் சென்றனர். ஒரு வாரம் கழித்து நாகிக்குக் கட்சி உறுப்பினர் உரிமை திரும்ப வழங்கப்பட்டது.

1956 புரட்சி

அக்டோபர் 23 ஆம் நாள் புடாபெஸ்ட் மாணவர்கள், போலந்தில் நடந்த மாற்றங்களுக்கு ஆதரவு தெரிவித்து ஊர்வலம் நடத்தினர். சோவியத் படைகள் வெளியேற வேண்டும், நாகி பிரதமராக வேண்டும் என்பன அவர்களது கோரிக்கைகளில் அடங்கும். பாலதோன் ஏரிக்கரையில் திராட்சை அறுவடைக்குச் சென்றிருந்த நாகி அன்றுதான் தலைநகர் திரும்பியிருந்தார். மாலையில் நாடாளுமன்றச் சதுக்கத்தில் மாபெரும் கூட்டம் அவரை அழைத்தது. மாடத்தில் தோன்றிய நாகி வழக்கப்படி தோழர்களே என்று விளித்தார். கூட்டம் அச்சொல்லை ஏற்காமல் கூச்சலிட்டது. மக்கள் எதிர்பார்த்த அளவுக்கு அன்று அவர் எதுவும் கூறவில்லை. அதே இரவில் ஸ்டாலின் சிலை வீழ்த்தப்பட்டது. வானொலி நிலையத்தின் முன் துப்பாக்கிச் சண்டை மூண்டது. கெரோவின் வேண்டுகோளின்படி சோவியத் படைகள் நகருக்குள் நுழைந்தன.

அக்டோபர் 24 காலையில் நாகி பிரதமராக அறிவிக்கப்பட்டார். முதல் சில நாட்கள் அவர் தயக்கத்துடனேயே செயற்பட்டார். இராணுவச் சட்டம் அவரது பெயரிலேயே அறிவிக்கப்பட்டது. அக்டோபர் 25 ஆம் நாள் நாடாளுமன்றத்தின் முன் ஆயுதமின்றிக் கூடியிருந்த மக்கள் மீது துப்பாக்கிச் சூடு நடத்தப்பட்டுப் பலர் இறந்தனர். அன்றே கெரோ நீக்கப்பட்டு காதார் கட்சித் தலைவரானார்.

அக்டோபர் 28 ஆம் நாள் நாகியின் நிலைப்பாடு மாறியது. கிளர்ச்சியை எதிர்ப்புரட்சி என்று கூறுவதைக் கைவிட்டு, அது ஒரு தேசிய, மக்களாட்சி இயக்கம் என அறிவித்தார். போர்நிறுத்தம் அறிவிக்கப்பட்டது. மக்கள் பெரிதும் வெறுத்த இரகசியக் காவல் துறை கலைக்கப்பட்டது. சோவியத் படைகள் புடாபெஸ்டிலிருந்து வெளியேறத் தொடங்கின. அக்டோபர் 30 ஆம் நாள் ஒரு கட்சி ஆட்சி முறை நீக்கப்பட்டுக் கூட்டணி அரசு அறிவிக்கப்பட்டது. அதே நாளில் புடாபெஸ்ட் கட்சி அலுவலகத்தைத் தாக்கிய கும்பல், சரணடைந்த காவலர்களைக் கொன்றது. இந்நிகழ்வு பின்னர் புரட்சியைக் குற்றஞ்சாட்டப் பெரிதும் பயன்படுத்தப்பட்டது.

மாஸ்கோவில் சோவியத் தலைமை அக்டோபர் 31 இல் படை கொண்டு ஒடுக்குவதென முடிவெடுத்தது. எகிப்தின் சூயஸ் கால்வாய்ப் பிரச்சினையில் பிரித்தானியாவும் பிரான்சும் இசுரேலும் போரில் இறங்கியிருந்தமையால் உலகின் கவனம் பிரிந்திருந்தது. புதிய சோவியத் படைகள் எல்லையைக் கடந்து வருவதை அறிந்த நாகி, சோவியத் தூதர் யூரி அந்திரோப்போவிடம் விளக்கம் கேட்டார். நிறைவான பதில் கிடைக்கவில்லை. நவம்பர் 1 ஆம் நாள் ஹங்கேரி வார்சா ஒப்பந்தத்திலிருந்து விலகுவதாகவும், நடுநிலை நாடாக இருக்கும் எனவும் நாகி அறிவித்து ஐக்கிய நாடுகள் அவையின் உதவியைக் கோரினார். அம்முடிவுக்கு உடன்பட்டிருந்த காதார் அன்று மாலையே தலைமறைவாகி சோவியத் தரப்புக்குச் சென்றுவிட்டார்.

நவம்பர் 3 இரவு டோகோல் என்ற இடத்தில் இருந்த சோவியத் படைத்தளத்தில், படை விலகல் பற்றிப் பேச்சுவார்த்தை நடத்தச் சென்ற பாதுகாப்பு அமைச்சர் பால் மலேட்டர் கைது செய்யப்பட்டார். நவம்பர் 4 விடியற்காலையில் சோவியத் தாங்கிகள் புடாபெஸ்டைத் தாக்கின. காலை 5.20 மணியளவில் நாகி வானொலியில் மிகச் சுருக்கமாகப் பேசினார். சட்டப்படியான அரசைக் கவிழ்க்கும் நோக்குடன் சோவியத் படைகள் தாக்குவதை நாட்டுக்கும் உலகுக்கும் அறிவித்தார். பின்னர் தன் குடும்பத்தினருடனும் தோழர்களுடனும் வீரர் சதுக்கத்தின் ஓரத்தில் இருந்த யூகோஸ்லாவியத் தூதரகத்தில் அடைக்கலம் புகுந்தார்.

சண்டையில் சுமார் 2,500 ஹங்கேரியர்களும் 700 அளவிலான சோவியத் படையினரும் இறந்தனர். ஏறத்தாழ 2 இலட்சம் பேர் நாட்டை விட்டு வெளியேறினர்.

ஐக்கிய நாடுகள் அவையும் இந்தியா, இலங்கையும்

நவம்பர் 4 ஆம் நாள் ஐ.நா. பொதுச்சபை சோவியத் படைகள் வெளியேற வேண்டும் எனக் கோரும் தீர்மானத்தை 50 வாக்குகளுக்கு 8 என்ற கணக்கில் நிறைவேற்றியது. வாக்களிக்காமல் ஒதுங்கிய 15 நாடுகளில் இந்தியாவும் இலங்கையும் அடங்கும். சூயஸ் பிரச்சினையில் உடனே கண்டனம் தெரிவித்த நேரு அரசு, ஹங்கேரி தொடர்பில் தயங்கியது இந்திய நாடாளுமன்றத்திலும் குறை கூறப்பட்டது. ஹங்கேரிய நிகழ்வுகளை ஆராய 1957 இல் ஐ.நா. அமைத்த ஐந்து நாடுகளின் சிறப்புக் குழுவில் இலங்கை இடம்பெற்றது. அவுஸ்திரேலியா, டென்மார்க், துனீசியா, உருகுவே ஆகியன ஏனைய உறுப்பு நாடுகளாகும். ஹங்கேரியில் நிகழ்ந்தது மக்கள் தாமாகவே நடத்திய எழுச்சி என அக்குழு அறிக்கையளித்தது.

கடத்தலும் சிறையும்

தூதரகத்தில் இருப்போருக்குத் தீங்கு நேராது எனக் காதார் யூகோஸ்லாவிய அரசுக்கு எழுத்து மூலம் உறுதியளித்தார். அதனை நம்பி நவம்பர் 22 ஆம் நாள் நாகியும் உடனிருந்தோரும் வீடு செல்வதற்காகப் பேருந்தில் ஏறினர். சோவியத் அதிகாரிகள் அப்பேருந்தைக் கைப்பற்றி அவர்களைப் படைமுகாமுக்குக் கொண்டு சென்றனர். மறுநாள் அவர்கள் ருமேனியாவின் ஸ்னாகோவ் என்ற ஊருக்கு அனுப்பப்பட்டனர். மெய்யியலாளர் கியோர்கி லூக்காக்சும் அக்குழுவில் இருந்தார்.

நாகி சட்டப்படி பதவி விலகினால் காதாரின் அரசு முறையான அரசாகிவிடும். அதனால் பதவி விலகல் கடிதத்தைப் பெறப் பலமுறை முயற்சி செய்யப்பட்டது. ஒரு கையெழுத்து அவரது உயிரைக் காத்திருக்கக்கூடும் எனப் பல வரலாற்றாளர்கள் கருதுகின்றனர். நாகி கையெழுத்திடவில்லை. ஸ்னாகோவில் தன் வாழ்க்கைக் குறிப்புகளையும் அரசியல் சிந்தனைகளையும் எழுதினார். கைப்பற்றப்பட்ட அக்குறிப்புகள் 2006 இல் ஹங்கேரியில் நூலாக வெளிவந்தன.

விசாரணையும் மரண தண்டனையும்

1957 ஏப்ரலில் நாகி கைது செய்யப்பட்டு புடாபெஸ்ட் சிறைக்குக் கொண்டுவரப்பட்டார். குற்றஞ்சாட்டப்பட்டோரில் கேசா லொஷொன்சி 1957 டிசம்பரில் சிறையிலேயே இறந்தார். நாகியின் செயலாளராக இருந்த யோசெப் சிலாகி 1958 ஏப்ரலில் தனி வழக்கில் தூக்கிலிடப்பட்டார். 1958 பெப்ரவரியில் தொடங்கிய முதன்மை வழக்கு, சோவியத் ஒன்றியம் மேற்கு நாடுகளுடன் பேச்சு நடத்த முற்பட்டிருந்த காரணத்தால் நிறுத்தி வைக்கப்பட்டது. ஜூன் 9 ஆம் நாள் மீண்டும் தொடங்கி ஜூன் 15 ஆம் நாள் முடிவுற்றது. விசாரணை மூடிய அறையில் நடந்தது. மேல்முறையீட்டுக்கு இடமில்லை.

அரசைக் கவிழ்க்கச் சதி செய்தமை, தேசத் துரோகம் ஆகிய குற்றச்சாட்டுகளின் பேரில் நாகி, மலேட்டர், இதழியலாளர் மிக்லோஷ் கிமெஷ் ஆகிய மூவருக்கும் மரண தண்டனை விதிக்கப்பட்டது. நாகி குற்றத்தை ஒப்புக்கொள்ளவில்லை. கருணை கேட்கவும் மறுத்தார். தனக்கான தீர்ப்பை ஒருநாள் ஹங்கேரிய மக்களும் உலகத் தொழிலாளர் இயக்கமும் மாற்றும் என்ற நம்பிக்கையைத் தன் இறுதிக் கூற்றில் வெளிப்படுத்தினார். ஜூன் 16 ஆம் நாள் அதிகாலையில் மூவரும் தூக்கிலிடப்பட்டனர். மறுநாளே செய்தி வெளியிடப்பட்டது.

உடல் முதலில் சிறை வளாகத்தில் புதைக்கப்பட்டது. 1961 இல் இரகசியமாக எடுக்கப்பட்டு, தார் பூசிய தாளில் சுற்றப்பட்டு, அருகிலிருந்த பொது இடுகாட்டின் 301 ஆம் எண் பகுதியில் குப்புறப் புதைக்கப்பட்டது. இடுகாட்டுப் பதிவேட்டில் ஒரு பெண்ணின் பெயர் எழுதப்பட்டது. கல்லறைக்கு அடையாளம் எதுவும் வைக்கப்படவில்லை. அஞ்சலி செலுத்த வந்த உறவினர்களைக் காவல் துறையினர் பல ஆண்டுகள் விரட்டினர்.

மறு அடக்கம்

காதார் 1988 மே மாதம் வரை கட்சித் தலைவராக இருந்தார். அக்காலம் முழுவதும் நாகியின் பெயரைப் பொதுவில் கூறுவது தவிர்க்கப்பட்டது. நாகி தூக்கிலிடப்பட்டதன் 30 ஆவது ஆண்டு நிறைவான 1988 ஜூன் 16 இல், பாரிசின் பெர் லசேசு இடுகாட்டில் வெளிநாடு வாழ் ஹங்கேரியர்கள் அவருக்கு நினைவுக் கல்லறை அமைத்தனர். அதே நாளில் புடாபெஸ்டில் கூடியோரைக் காவல் துறை தாக்கிக் கலைத்தது.

அடுத்த ஓராண்டில் நிலைமை முற்றிலும் மாறியது. 1989 சனவரியில் கட்சித் தலைவர்களுள் ஒருவரான இம்ரே போஷ்கை, 1956 நிகழ்வு மக்கள் எழுச்சியே என வானொலியில் கூறினார். வசந்த காலத்தில் 301 ஆம் பகுதியில் உடல்கள் தேடி எடுக்கப்பட்டன. ஜூன் 16 ஆம் நாள் வீரர் சதுக்கத்தில் ஆறு சவப்பெட்டிகள் வைக்கப்பட்டன. ஐந்து பெட்டிகள் நாகி, மலேட்டர், கிமெஷ், லொஷொன்சி, சிலாகி ஆகியோருக்குரியவை. ஆறாவது பெட்டி வெறுமையானது. அது பெயர் தெரியாத போராளிகளுக்காக வைக்கப்பட்டது. நாகி 1956 இல் அடைக்கலம் புகுந்த தூதரகம் அதே சதுக்கத்தின் ஓரத்தில்தான் உள்ளது. பெருந்திரளானோர் கூடிய அந்நிகழ்வு தொலைக்காட்சியில் நேரடியாக ஒளிபரப்பப்பட்டது. பிற்காலத்தில் பிரதமரான விக்டர் ஓர்பான், அன்று 26 வயது இளைஞராக சோவியத் படைகள் வெளியேற வேண்டும் எனக் கோரிப் பேசினார்.

1989 ஜூலை 6 ஆம் நாள் ஹங்கேரிய உச்ச நீதிமன்றம் நாகி மீதான தீர்ப்பை நீக்கியது. அதே நாளில் காதார் காலமானார். அவர் தன் இறுதி மாதங்களில் மத்திய குழுவில் ஆற்றிய தடுமாற்றமான உரையில், தூக்கிலிடப்பட்டவரின் பெயரைக் கூறாமலே அவரைப் பற்றிப் பேசினார். 1989 அக்டோபர் 23 இல், புரட்சி தொடங்கிய 33 ஆவது ஆண்டு நிறைவில், ஹங்கேரி குடியரசாக அறிவிக்கப்பட்டது.

நினைவுச் சின்னங்கள்

1996 இல் நாகி பிறந்த நூற்றாண்டின்போது ஹங்கேரிய நாடாளுமன்றம் இவரது நினைவைப் போற்றிச் சட்டம் இயற்றியது. அதே ஆண்டில் நாடாளுமன்றத்துக்கு அருகில் உள்ள தியாகிகள் சதுக்கத்தில் சிலை நிறுவப்பட்டது. சிறு பாலமொன்றின் மீது நின்று நாடாளுமன்றத்தை நோக்குவதுபோல் தமாஷ் வர்கா அதனை வடித்திருந்தார். 2018 டிசம்பரில் அச்சிலை அகற்றப்பட்டு, 2019 இல் தொலைவில் உள்ள யாசாய் மாரி சதுக்கத்தில் வைக்கப்பட்டது. முன்பிருந்த இடத்தில், 1919 சோவியத் குடியரசால் கொல்லப்பட்டோருக்கு 1934 இல் எழுப்பப்பட்ட நினைவுச் சின்னம் மீண்டும் அமைக்கப்பட்டது. இவ்விடமாற்றம் ஹங்கேரியில் பெரும் எதிர்ப்பைச் சந்தித்தது.

ஒர்ஷோ தெருவில் இவர் வாழ்ந்த வீடு நினைவு இல்லமாக்கப்பட்டது. மார்த்தா மேசாரோஷ் 2004 இல் இவரது இறுதி ஆண்டுகளைத் திரைப்படமாக எடுத்தார். 1958 வழக்கின் ஒலிப்பதிவு அழியாமல் இருந்தது. 2008 இல் தண்டனையின் 50 ஆவது ஆண்டு நிறைவையொட்டி, சுமார் 52 மணி நேரம் நீளும் அப்பதிவு புடாபெஸ்டில் மக்கள் கேட்கும்படி ஒலிபரப்பப்பட்டது.

மதிப்பீடு

நாகி பற்றிய கருத்துக்கள் ஹங்கேரியில் ஒருமித்தவை அல்ல. இவர் இறுதிவரை பொதுவுடைமையாளராகவே இருந்தார் என்பதால் வலதுசாரிகளில் ஒரு பிரிவினர் இவரைத் தேசிய வீரராக ஏற்பதில்லை. மாஸ்கோ ஆண்டுகளும், கட்டாயக் கொள்முதலில் இவரது பங்கும், புரட்சியின் முதல் நாட்களில் இவர் காட்டிய தயக்கமும் குறை கூறப்படுகின்றன. சோவியத் ஒன்றியத்தின் வலிமையை அறிந்திருந்தும் வார்சா ஒப்பந்தத்திலிருந்து விலகியது தவறான கணிப்பு என்போரும் உண்டு. எனினும் தாக்குதல் முடிவு நவம்பர் 1 அறிவிப்புக்கு முந்தைய நாளே மாஸ்கோவில் எடுக்கப்பட்டுவிட்டது என்பது பின்னர் வெளியான ஆவணங்களிலிருந்து தெரியவந்துள்ளது.

நாகி பிறவித் தலைவரோ சிறந்த பேச்சாளரோ அல்லர். வாழ்வின் பெரும்பகுதியில் கட்சியின் கட்டளைக்கு அடங்கி நடந்தவர். கட்சியும் நாட்டு மக்களும் எதிரெதிர் நின்றபோது, நான்கைந்து நாள் தயக்கத்துக்குப் பின் மக்களின் பக்கம் சென்றார். அங்கிருந்து திரும்பிவரக் கிடைத்த வாய்ப்புகளைப் பயன்படுத்தவில்லை. 1956 நவம்பர் 4 முதல் 1958 ஜூன் 16 வரையான பத்தொன்பது மாதங்களில் இவரிடமிருந்து பெறமுடியாத அந்த ஒரு கையெழுத்தே ஹங்கேரிய வரலாற்றில் இவருக்குரிய இடத்தை உறுதிசெய்தது.